தாவணி போனதற்குப் பிள்ளைகள்தான் காரணமா?

இந்தக் காலத்துப் பெண்களுக்கு உடுத்தவே தெரியவில்லை, தாவணி அழிந்துவிட்டது என்று கட்டுரையில் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். எங்கள் அப்பாயி கடைசிவரை ரவிக்கை போட்டதில்லை, கண்டாங்கிச் சேலையைச் சுற்றிக்கொண்டு வயலுக்கும் போவார், கல்யாணத்துக்கும் போவார், ஊரில் யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. அதே வீட்டில் என் அம்மா ரவிக்கை இல்லாமல் வாசலுக்கு வர முடியுமா? தொண்ணூறுகளில் நான் சுடிதார் கேட்டபோது அப்பா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் சைக்கிள் செயினில் பாவாடை மாட்டி நான் விழுந்து முழங்கையைக் கிழித்துக்கொண்ட பிறகுதான், சரி வாங்கிக்கொள் என்றார். இன்று அந்தச் சுடிதார்தான் அடக்கமான உடை, 2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உத்தரவில் சேலையோடு அதுவும் துப்பட்டாவும் இருந்தன. உங்கள் கட்டுரையில் ஆண்களைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை? வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே சென்னையில் ஒரு கிரிக்கெட் மன்றம் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பியது, அதற்காக 2014இல் தனிச் சட்டமே போட்டார்கள். அந்த வேட்டியை யார் கைவிட்டார்கள் என்றும் எழுதுங்கள். என் மகள் கல்லூரிக்கு ஜீன்ஸ்தான் போடுகிறாள், போன பொங்கலுக்கு அவளாகவே கேட்டுத் தாவணி கட்டினாள்.