பழைய பூட்ஸுக்குள்ள புதுக் காலு

"வெளிய பொழைக்கத் தெரியல, அதான் திரும்பப் போயிட்டான்"னு என் காதுபடவே ஒருத்தர் சொன்னார். அதே வாரத்துல இன்னொருத்தர் கையப் புடிச்சுக்கிட்டு "நாட்டுக்காக எல்லாத்தையும் விட்டுட்டுப் போறீங்க, பெரிய மனசு சார்"னு கண்கலங்குனார். ரெண்டு பேர் சொன்னதும் பொருந்தாத சட்டை மாதிரிதான் இருந்துச்சு. நாலு வருஷம் சிவிலியனா இருந்துட்டு திரும்ப ராணுவ யூனிஃபார்ம் போட்டவன்ங்கற முறைல எழுதறேன், யூனிட் பேரெல்லாம் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

முதல்ல நான் ஏன் திரும்பப் போனேன்னா, சத்தியமா பெரிய காரணம் எதுவும் இல்ல. குடோன் சூப்பர்வைசர் வேலை, சம்பளம் ஒழுங்கா வந்துச்சு. ஆனா ஒன்பது மணி மீட்டிங்குக்கு ஒன்பதே காலுக்கு ஆள் வந்து சிரிச்சுக்கிட்டே உக்காருவாங்க பாருங்க, நாலு வருஷம் ஆகியும் எனக்கு அது பழகவே இல்ல. அதோட, பக்கத்துல இருக்கறவன் நம்மள விட்டுட்டு ஓட மாட்டான்ங்கற நெனப்பு ஒண்ணு உள்ள இருக்கும், அது வெளிய கெடைக்கல. இதத் தேசபக்தின்னு சொன்னா எனக்கே கூச்சமா இருக்கு, பொழைக்கத் தெரியலன்னு சொன்னாலும் ஒத்துக்க முடியல.

எல்லாரும் ஆசப்பட்டுதான் திரும்பப் போறாங்கன்னும் கெடையாது. அமெரிக்காவுல டெட் வில்லியம்ஸ்னு ஒரு பேஸ்பால் பிளேயர், அந்த ஊர்ல பெரிய சூப்பர் ஸ்டார். ரெண்டாம் உலகப்போர் சமயத்துல பைலட் பயிற்சி முடிச்சு, மத்தவங்களுக்கும் கத்துக் குடுத்துட்டு வெளிய வந்தவர். 1952ல, 33 வயசுல, கொரியப் போருக்காகத் திரும்பக் கூப்ட்டுட்டாங்க, தேவைப்பட்டா திரும்பக் கூப்டற ரிசர்வ் லிஸ்ட்ல பேர் இருந்துச்சு, அவ்ளோதான். மனுஷனுக்கு அதுல செம கடுப்பு. ஆனா போனார், 39 தடவ சண்டைக்குப் பறந்தார், 1953 பிப்ரவரில அடிபட்ட ஜெட்ட சக்கரம் இல்லாமலே தரைல தேய்ச்சு எறக்கி உயிரோட வெளிய ஓடி வந்தார். நான் இதுல கவனிக்கறது வேற ஒண்ணு. அவர நேரா கொரியாவுக்கு அனுப்பல. பழைய ஆளுதான, ஓட்டத் தெரியும்னு விடாம ரெஃப்ரெஷர் குடுத்து, அப்பறம் ஜெட் ஓட்டக் கத்துக் குடுத்து, அதுக்கப்பறம்தான் அனுப்புனாங்க.

ஏன்னா திரும்பி வர்றவனோட பெரிய வியாதியே 'எனக்குத்தான் தெரியுமே'ங்கறது. எனக்கு இருந்துச்சு.

ரெண்டாவது நாள் ரைஃபிள் கையில குடுத்தப்ப, கண்ண மூடிக்கிட்டுப் பிரிச்சு மாட்டிட்டேன், விரலுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு, பக்கத்துல நின்ன சின்னப் பசங்க வாயப் பொளந்துட்டுப் பாத்தானுங்க. எனக்குத் தலைக்கு ஏறிருச்சு. அந்த மிதப்புலயே மூணாவது வாரம் லோடோட மார்ச்சுக்குப் போனேன், வெயிட்டக் கொறச்சுக்கச் சொன்னாங்க, நான் கேக்கல. திரும்பி வந்து பூட்ஸக் கழட்டுனா வலது பாதத்தோட மேல்பக்கம் இட்லி மாதிரி உப்பி இருக்கு, விரல் வெச்சு அழுத்துனா உச்சந்தலை வரைக்கும் வலி. எக்ஸ்ரேல மொதல்ல ஒண்ணுமே தெரியல, ரெண்டு வாரம் கழிச்சு எடுத்ததுலதான் முடி மாதிரி ஒரு கோடு. மார்ச் ஃப்ராக்சர், அதாவது நடந்து நடந்தே பாத எலும்புல விழற கீறல்.

இந்த வியாதிக்குப் பேரே சிப்பாய்ங்களாலதான் வந்துச்சு. 1855ல பிரைட்ஹாப்ட்னு ஒரு பிரஷ்ய (ஜெர்மன்) ராணுவ டாக்டர், எக்ஸ்ரே கண்டுபுடிக்கறதுக்கு 40 வருஷம் முன்னாடி, மார்ச் போற பசங்களுக்குப் பாதம் வீங்கறதப் பத்தி எழுதி வெச்சிருக்கார். விஷயம் என்னன்னா, ஓட ஆரம்பிச்சா மூச்சு சில வாரத்துலயே கைக்கு வந்துரும், தசையும் கொஞ்சம் கொஞ்சமா ஏறிரும், எலும்பு மட்டும் ரொம்ப மெதுவு. புது பாரம் ஏறுனதும் அது பழசத் தோண்டி எடுத்துட்டு அப்பறம்தான் புதுசு வெச்சு கட்டும், அந்த நடுவுல எலும்பு கொஞ்ச நாள் பலவீனமாத்தான் இருக்கும். நம்ம மூச்சு சரியா இருக்கேன்னு நெனச்சு பாரத்த ஏத்துறது சரியா அந்த நேரத்துலதான். ஆறு வாரம் நான் ஸ்டோர்ல உக்காந்து சாக்ஸ் எண்ணிக்கிட்டு இருந்தேன். நல்லா வேணும் எனக்கு.

அப்பறம் ரேங்க். இதப் பத்தி யாரும் வெளிய பேச மாட்டாங்க. மொதல் தடவ நான் சர்வீஸ்ல இருந்தப்ப ஒரு பையன் புதுசா வந்தான், அவனுக்கு பெட் மடிக்கறதுல இருந்து நான்தான் சொல்லிக் குடுத்தேன், என்னய "அண்ணே"ன்னுதான் கூப்டுவான். இப்ப அவர் எனக்கு மேல. ஒருநாள் காலைல ரோல் காலுக்கு நான் அர நிமிஷம் லேட்டு, எல்லார் முன்னாடியும் வெச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டார். ராத்திரி தனியா வந்து "அண்ணே, காலைல..."ன்னு ஆரம்பிச்சார். "நீங்க திட்டுனது சரிதான் சார், நானா இருந்தா இன்னும் ரெண்டு வார்த்த சேத்து சொல்லியிருப்பேன்"னேன். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துருச்சு. ஆனா அந்த 'சார்' தொண்டைல இருந்து எறங்கி வர்றதுக்கு எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு, பொய் சொல்லல.

லாரன்ஸ் ஆஃப் அரேபியான்னு சொல்வாங்களே, முதல் உலகப்போர்ல அரபுக்காரங்களோட சேந்து சண்ட போட்ட பிரிட்டிஷ் ஆபீசர், அவரு, கர்னல் வரைக்கும் போனவரு, 1922ல ராஸ்னு ஒரு பொய்ப் பேர்ல பிரிட்டிஷ் விமானப்படைல கடைசி வரிசை ஆளாப் போய் சேந்தார். பேப்பர்ல வந்துருச்சுன்னு வெளிய அனுப்புனாங்க, உடனே ஷான்னு இன்னொரு பேர்ல டாங்க் படை, 1925ல மறுபடி விமானப்படை, அப்படியே 1935 வரைக்கும் இருந்தார். மனுஷன் வேணும்னே கீழ எறங்கிப் போனார். எனக்கெல்லாம் அந்தப் பக்குவம் கெடையாது, நான் எறக்கி விடப்பட்டவன். இருந்தாலும் யோசிச்சா அவர் வழிதான் சரி, பழைய ஆளா போய் நிக்காம ரெக்ரூட்டா போய் நிக்கறது.

வேலை விஷயத்துல மட்டும் கோவம் இன்னும் இருக்கு. அமெரிக்காவுல 1994ல ஒரு சட்டமே போட்டுட்டாங்க, சர்வீஸுக்குப் போனவன் மொத்தமா அஞ்சு வருஷத்துக்குள்ள திரும்பி வந்தா பழைய கம்பெனி வேலை குடுக்கணும், அதுவும் இங்கயே இருந்திருந்தா எந்த எடத்துக்கு வந்திருப்பானோ அந்த எடம். என் கம்பெனி ஹெச்ஆர் எனக்குக் குடுத்தது "வாங்க பாத்துக்கலாம்"ங்கற ஒரு வாய்வார்த்தையும் ஒரு கேக்கும்.

வீட்டப் பத்திச் சொல்லாம விட்டா பாதி பொய் சொன்ன மாதிரி. அந்த நாலு வருஷமும் வீட்ல பல்பு போனா, குழாய் ஒழுகுனா, எல்லாம் நான்தான். மொதல் லீவுல வந்த அன்னைக்கு ராத்திரி கரண்ட் டக்குனு போச்சு, எங்க வீட்ல மட்டும். நான் பெருமையா எந்திரிச்சு இருட்டுல ஸ்க்ரூ டிரைவரத் தேடிக்கிட்டு இருக்கேன், அதுக்குள்ள ஒன்பது வயசுப் பொண்ணு டார்ச் புடிக்கறா, அவ அம்மா ஸ்டூல் மேல ஏறி ஃப்யூஸ மாத்தி, லைட்டும் வந்துருச்சு. "நீங்க உக்காருங்கப்பா"ங்கறா. ஸ்க்ரூ டிரைவர் இருக்கற எடத்த மாத்திட்டாங்களாம், எங்கன்னு இன்னும் சொல்லல.