சந்தா கட்டவில்லையாம், அதனால்தான் திருட்டுப் போனதாம்!

எங்கள் பங்கு வீட்டு முகப்புக் கதவின் பித்தளைக் குமிழ் திருட்டுப் போன கதையை மறுபடி எழுதப்போவதில்லை. வாசல் கேமரா ஆளைப் பார்த்தும், மாதச் சந்தா கட்டாததால் காட்சியைத் தரவில்லை என்று போன பதிவிலேயே எழுதியாச்சு, அதன் கீழே நடந்த கூத்தையும் பலர் வேடிக்கை பார்த்தீர்கள். குமிழ் போனதுகூட இப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. "மாசம் ஒரு காபிக் காசுக்குக் கணக்குப் பார்த்தா இப்படித்தான் ஆகும்ணே" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மையும் ஒட்டிவிட்டுப் போன சிங்கப்பூர்த் தம்பி இருக்கிறாரே, அவருக்குத்தான் இந்தப் பதிவு. அதற்கு லைக் போட்ட அத்தனை பங்காளிகளுக்கும் சேர்த்துத்தான்.

நான் சொல்ல வருவது ஒரே விஷயம். காசு கொடுத்து வாங்கிய கேமரா. நம் வீட்டுச் சுவரில், நம் கரண்ட்டில், நம் இன்டர்நெட்டில் ஓடுகிறது. அது எடுத்த படத்தை நாமே பார்க்க மாசாமாசம் யாருக்கோ கப்பம் கட்ட வேண்டுமா? வேண்டாம் என்கிறேன். பதிவு நம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்கிறேன். கேமரா பெட்டி வந்து இறங்குவதற்கு முன்பே இதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சொன்னேன். "அண்ணன் பழைய காலத்து ஆளு" என்று பதில் வந்தது. சரி, பழைய ஆளாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் பேசுகிறவர்களுக்காக ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். காலையில் கதவில் நாலு திருகாணி ஓட்டைதான் இருந்தது. அதைச் சுற்றி, இத்தனை வருஷமாகப் பாலிஷ் படாத மரம் வட்டமாக வெளுத்துக் கிடந்தது. ஆப்பைத் திறந்தேன். ராத்திரி இரண்டே முக்காலுக்கு 'நபர் தென்பட்டார்' என்று ஒரு அறிவிப்பு இருந்தது. தொட்டால், மங்கலடித்த ஒரு சின்னப் படம், அதன் மேல் ஒரு பூட்டு. 'முழுக் காணொளியைப் பார்க்கத் திட்டம் வாங்குங்கள்.' அதாவது ஆள் வந்தது கேமராவுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குக் காட்டத்தான் மனசு வரவில்லை. சரி, தொலையட்டும் என்று அந்த இடத்திலேயே பணம் கட்டினால் அந்த ராத்திரிக் காட்சி கிடைக்குமா என்றால், கிடைக்காதாம். பணம் கட்டிய நேரத்திலிருந்துதான் சேமிப்பார்களாம். திருடன் மறுபடி வந்து இன்னொரு தரம் கழற்றிக் காட்ட வேண்டும் போலிருக்கிறது.

இதில் இன்னொன்றையும் யாரும் பேசவில்லை. அந்தக் கணக்கு யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது? தம்பியுடையதில். இலவச மாதம் முடிகிறது என்ற கடிதம் யாருக்குப் போயிருக்கும்? எனக்குக் கொடுத்திருப்பது 'பார்வையாளர்' அனுமதி. திட்டம் வாங்கும் பொத்தானை அழுத்தினால் 'உரிமையாளரைத் தொடர்புகொள்ளுங்கள்' என்கிறது. காரைக்குடியில் இருந்து வீட்டைப் பார்த்துக்கொள்கிறவன் பார்வையாளராம். உரிமையாளர் சிங்கப்பூரில் தூங்கிக்கொண்டிருந்தார்.

காபிக் காசுக்கு வருவோம். அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் வாசலில் மாட்டியிருக்கும் ரிங் கேமராவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018-ல் அமேசான் வாங்கிய கம்பெனி. சந்தா இல்லாவிட்டால் நேரலை பார்க்கலாம், அறிவிப்பு வரும், பதிவு கிடையாது. ஒரு கேமராவுக்கான திட்டம் 3 டாலராக இருந்தது; 2022-ல் 3.99 ஆனது, 2024-ல் 4.99. கூகுள் நெஸ்ட் மட்டும் என்ன? 6 டாலராக இருந்த திட்டம் 2023-ல் 8, 2025-ல் 10. சுவரில் இருக்கும் கேமரா அதேதான், ஏறியது காபி விலை. ஏற்றினால் என்ன செய்ய முடியும்? கழற்றி எறியலாம், அவ்வளவுதான். பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை வைத்துக் காலணா அரையணாவுக்கும் பேரேடு எழுதிய ஆட்களின் பேரன்மார், இன்றைக்குச் சொந்த வாசலைப் பார்க்க மாத வட்டி கட்டுகிறோம். அதைக் கேட்டால் கஞ்சத்தனமாம்.

நம் வீட்டுக்குக் கணக்குப் போடுவோம். முன் வாசல் ஒரு தெருவில், பின் வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு என்கிற நடு முற்றம், இரண்டாம் கட்டு, பின்கட்டு என்று குறைந்தது நாலு கேமரா வேண்டும். ஒரு கேமராவுக்கு மாதம் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் வருஷத்துக்கு 14,400. இது முதல் வருஷம் மட்டும். அந்தப் பணத்துக்குள் நாலு கேமராவுக்கான ரெக்கார்டரும், கண்காணிப்புக்கென்றே வரும் ஹார்ட் டிஸ்க்கும் வாங்கி மாட்டிவிடலாம். அடுத்த வருஷம் யாருக்கும் ஒரு பைசா தர வேண்டியதில்லை.

எவ்வளவு நாள் பதிவு நிற்கும் என்று ஒருத்தர் கேட்டிருந்தார், அதுதான் அந்தக் குழாயடிச் சண்டைக்கு நடுவில் வந்த ஒரே உருப்படியான கேள்வி. ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அளவில் ராப்பகலாகப் பதிந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 21.6 ஜிபி ஆகும். நாலு கேமராவுக்கு 86 ஜிபி சொச்சம். ஒரு டெராபைட் டிஸ்க்கில் பதினோரு நாள், இரண்டு டெராபைட் போட்டால் மூன்று வாரத்துக்கு மேல். நிறைந்ததும் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொள்ளும், நாம் தொட வேண்டியதில்லை. எச் 265 முறையில் சுருக்குகிற கேமராவாக இருந்தால் ஏறக்குறைய பாதி இடம் போதும். ஆள் அசையும்போது மட்டும் பதியச் சொன்னால் இன்னும் நீளும். ஆனால் நம் முகப்பில் தெருநாயும் வௌவாலும் அசைந்துகொண்டே இருக்கும் என்பது வேறு விஷயம்.

ஒரே ஒரு கேமரா போதும் என்கிறவர்கள் அதற்குள்ளேயே மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாம். 128 ஜிபி கார்டில் ஐந்தாறு நாள் நிற்கும். போனுக்கு வாங்கும் சாதாரண கார்டைப் போடாதீர்கள், ஓயாமல் எழுதி அழித்துச் சீக்கிரம் செத்துவிடும். 'ஹை என்ட்யூரன்ஸ்' என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது ஆரம்பிப்பீர்கள். "திருடன் ரெக்கார்டரையே தூக்கிக்கொண்டு போனால்?" நியாயமான கேள்வி, இல்லை என்று சொல்லவில்லை. அப்படித் தூக்கிக்கொண்டு போயும் இருக்கிறார்கள். ஆனால் அதை ஏன் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்? வளவைச் சுற்றிப் புள்ளிக்கு (கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும்) ஒன்றாக அறை கட்டிவைத்திருக்கிறார்களே, அதில் பாதி பூட்டியேதான் கிடக்கிறது. காற்றோட்டம் உள்ளதாகப் பார்த்து ஒன்றில் வைத்துப் பூட்டுங்கள். இந்த வீட்டில் எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று எனக்கே சில நேரம் குழம்பும், ராத்திரி வந்தவன் அதைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்த வேண்டாம்.

"வைஃபை கேமரா என்றால் ஒயர் வேண்டாமே?" என்று இன்னொருத்தர். இவர் கடைசியாக இந்த வீட்டுக்கு எப்போது வந்தார் என்று தெரியவில்லை. இந்தச் சுவரின் கனத்துக்கு முகப்பில் இருக்கும் ரூட்டரின் சிக்னல் இரண்டாம் கட்டைத் தாண்டுவதில்லை. ஆப் பாதி நேரம் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு அதுதான் காரணம். கரண்ட்டையும் படத்தையும் ஒரே ஒயரில் கொண்டுபோகும் முறை இருக்கிறது, நூறு மீட்டர் வரை இழுக்கலாம். உத்திரத்தை ஒட்டி இழுத்தால் முட்டைச் சுண்ணாம்புச் சுவரில் ஒரு ஆணிகூட அடிக்க வேண்டாம். ஒரு யுபிஎஸ் வைத்துவிட்டால் கரண்ட் போனாலும், நெட் போனாலும் பதிவு நிற்காது. மேகத்தில், அதாவது கம்பெனியின் சர்வரில், ஏற்றுகிற கேமரா நெட் போனால் என்ன செய்யும் என்று தம்பியைக் கேளுங்கள்.

"பெரிய கம்பெனியிடம் இருந்தால் பத்திரம்." இதற்குப் பதில் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. 2023-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அதே ரிங் மேல் வழக்குப் போட்டது, வாடிக்கையாளர்களின் வீட்டுக்குள் எடுத்த காட்சிகளை ஊழியர்கள் பார்க்க முடிந்தது என்று. 58 லட்சம் டாலரில் சமரசம் ஆனது. படுக்கையறை, குளியலறை எல்லாம் அதில் வந்தது. பத்திரமாம்.

அதற்காகப் பெயர் தெரியாத மலிவுச் சரக்கை வாங்கச் சொல்கிறேன் என்று திரிக்காதீர்கள். 2025 ஏப்ரல் முதல் இங்கே விற்கும் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். அதைப் பார்த்து வாங்குங்கள், முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். "இதெல்லாம் டெக்னிக்கலான ஆளுக்குத்தான் முடியும்" என்பவருக்கு: கடைக்காரப் பையன் அரை நாளில் மாட்டிக் கொடுத்துவிடுவான்.

வழக்கு என்று போனாலும் இதே கதைதான். 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாகக் காட்டுவதற்கான, பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு போய், புதிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு வந்திருக்கிறது. பதிவை நீதிமன்றத்தில் காட்ட வேண்டுமானால் கருவியைப் பொறுப்பில் வைத்திருந்தவர் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும், நிபுணர் ஒருவரும் போட வேண்டும். ரெக்கார்டர் வீட்டில் இருந்தால் நான் போடுவேன். எந்த நாட்டில் இருக்கிறதென்றே தெரியாத சர்வருக்கு யார் போடுவார்? பார்வையாளரா, உரிமையாளரா?

இவ்வளவு எழுதிவிட்டேன், உள்ளே இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கேமரா வந்ததிலிருந்து திருடனை அது பார்த்ததைவிட என்னைப் பார்த்ததுதான் அதிகம். கோலாலம்பூர் அயித்தை போன் பண்ணி, "என்னப்பா, வளவு வாசல்ல இலையாக் கெடக்கு, கூட்ட ஆளில்லையா?" என்கிறார். ஆத்தா கூழ் வத்தல் காயப்போட்டால் "முகப்புக்கு நேராத் தெரியுது, அந்தப் பக்கம் போடச் சொல்லு" என்று குழுவில் ஒரு படம் வருகிறது, வட்டம் போட்டு. தலைக்குக் குளித்துவிட்டு முற்றத்து வெயிலில் உட்கார்ந்து முடி உலர்த்துவது ஆத்தாவுக்கு அறுபது வருஷப் பழக்கம். இப்போது தூண் மறைவில் போய் உட்காருகிறார். ஏன் ஆத்தா என்றால், "அது பாத்துக்கிட்டே இருக்குல்லப்பா" என்கிறார். நாலு நாட்டுப் போனில் ஓடுகிற நேரலை, அவர் சொல்வதில் என்ன தப்பு?

மழைக்கு ஓடு சரிந்தபோது நேரலையில் பார்த்த அத்தனை பேரும் "அடடா" போட்டார்கள். ஓடு மாற்றிய கூலிக்குக் கணக்கு அனுப்பினேன், இரண்டு நீல டிக் வந்தது, பணம் வரவில்லை. வீட்டு வரி, கரண்ட் பில், வாட்ச்மேன் சம்பளம், ரூட்டருக்கு மாதக் கட்டணம் எல்லாம் என் கையில் ஏறிப்போகிறது. நான் கேட்டதும் இல்லை, பங்கு வீடுதானே என்று இருந்துவிட்டேன். அதில் காபிக் காசு மட்டும் என் கணக்கில் குறைந்துபோய்விட்டது. குடும்பத்தில் கல்யாணம் வந்தால் வீடு வெள்ளையடித்துத் தயாராக இருக்க வேண்டும். மற்ற நாளில் நான் கஞ்சன்.

இதற்கும் கீழே வந்து "அண்ணன் ஏன் இவ்வளவு சூடாகிறார்" என்று யாராவது எழுதுவீர்கள். எழுதுங்கள். சூடாகவில்லை, கணக்குத்தான் சொன்னேன்.

ஒயர் இழுக்க ஆள் சொல்லியாச்சு. முகப்பு, இரண்டாம் கட்டு, பின்கட்டு, பக்கவாட்டுச் சந்து, நாலு கேமரா, இரண்டு டெராபைட், பூட்டிய அறையில் ரெக்கார்டர். பார்க்க வேண்டுமென்கிற பங்காளிகளுக்கு வெளிவாசல் கேமராவுக்கு மட்டும் அனுமதி தருகிறேன். வளவில் இருந்த கேமராவை நேற்றே இறக்கிவிட்டேன். அயித்தை கேட்டால் கெட்டுப்போய்விட்டது என்று யாரும் சமாளிக்க வேண்டாம், நான்தான் கழற்றினேன் என்றே சொல்லுங்கள்.