மறை எண்ணின் மீதி எல்லா மொழியிலும் ஒன்றல்ல

தம்பி, ‘-7ஐ 3ஆல் வகுத்தால் மீதி 2தான், ஜாவா நிரல்மொழி -1 தருவது பிழை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. ஹட்டன், பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இதை வாசித்துப் படிக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

ஜாவா ஈவைப் பூச்சியத்தை நோக்கி வெட்டுகிறது: ஈவு -2, மீதி -1. பைத்தான் மொழி கீழ்நோக்கி இறக்குகிறது: ஈவு -3, மீதி 2. ஈவை 3ஆல் பெருக்கி மீதியைக் கூட்டிப் பாருங்கள், இரண்டிலும் -7தான் வரும். சி மொழியிலோ 1989 தரம் (மொழியின் விதித் தொகுப்பு) இதைக் கம்பைலரின், அதாவது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளின், விருப்பத்துக்கே விட்டிருந்தது; 1999 தரம்தான் வெட்டும் முறையை உறுதியாக்கியது.

தேயிலைக் கொழுந்து பறிக்கும் சுற்றில் நேற்று எந்த மலை என்று பின்னோக்கிக் கணக்கிடும் உங்கள் நிரலுக்கு மறை மீதி உதவாது, உண்மைதான். அதற்கு, பைத்தானைப் போல மீதி தரும் ‘ஃப்ளோர்மாட்’ ஜாவா 8 முதல் இருக்கிறது.