மீன் தின்றால் மட்டும் போதாது
கடல் மீன் உண்ணும் கரையோர மக்களுக்குத் தைராய்டு குறைபாடு வராது என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. பாம்பனில் நாள் தவறாமல் சூடையோ நகரையோ குழம்பு வைக்கும் என் அக்காவுக்குப் பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். 18 என்று, இயல்பைவிட மிக அதிகமாக வந்தது. தைராய்டு சுரப்பு குறையும்போது அதை முடுக்கி வேலை வாங்க, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி கூடுதலாக அனுப்பும் ஹார்மோன் அது. கடல் மீனில் அயோடின் உண்டு, தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோனின் ஒரு மூலக்கூறுக்கு 4 அயோடின் அணுக்கள் தேவை என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அயோடின் போதுமான அளவு கிடைக்கும் இடங்களில் இக்குறைபாட்டுக்கு முதன்மைக் காரணம், உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய், அதை மீன் தடுக்காது. வாலிநோக்கம் உப்பளத்துக் கல்லுப்பு கடலிலிருந்து வருவதால் அதில் அயோடின் நிறைந்திருக்கும் என்றும் எங்கள் பக்கம் நம்புகிறார்கள்; நீர் வற்றி உப்பு படியும்போது அயோடின் அதில் மிகச் சொற்பமாகவே தங்குகிறது, பிறகு சேர்த்தால்தான் உண்டு. அக்காவின் உப்பு ஜாடியில் இருந்ததும், எதுவும் சேர்க்காத அந்தக் கல்லுப்புதான்.