கம்பை யார் கொடுத்தது என்று கேளுங்கள்

கரிபியன் தீவு நாடான ஹெய்ட்டி பற்றி நாம் நடத்திய சனிக்கிழமைக் கூட்டத்தைக் குறித்து எழுதக் கூடாது என்று மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வந்தவர்களுக்கு நடந்தது தெரியும். வராதவர்களுக்கு இதற்குள் நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்லியிருப்பார்கள். அதனால் முழுவதையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. இரண்டு குரல்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த மொன்றியலில் இருபது வருடமாகத் தொழிற்சங்க வேலை செய்யும் ஒரு ஹெய்ட்டியப் பெண்மணி, நாம் அழைத்ததால் வந்தார். முக்கால் மணி நேரம் பேசினார். முடித்துவிட்டுத் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகுவதற்குள் நம் தோழர் ஒருவர் எழுந்து, “உங்கள் அமைப்புக்கு எந்தத் தொண்டு நிறுவனம் பணம் தருகிறது, முதலில் அதைச் சொல்லுங்கள்” என்றார். பத்து நிமிடம் கழித்துப் பின்வரிசையில் இருந்து இன்னொருவர், “ஒற்றுமையில்லாத சனம். தங்களுக்குள் அடித்துக்கொண்டு வெள்ளைக்காரனைக் குறை சொல்லி என்ன பயன்?” என்றார்.

முதலாமவர் கணக்கில் எல்லாம் வெளிநாட்டுச் சதி, பேச வந்த பெண் உட்பட. இரண்டாமவர் கணக்கில் வெளிநாட்டுக்குச் சம்பந்தமே இல்லை. இரண்டுக்கும் அதே கைகள் தட்டின. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சண்டை இல்லாத இயக்கம் உலகத்தில் எங்கும் இல்லை. ஹெய்ட்டியில் ஒவ்வொரு சண்டையிலும் யாராவது ஒருவர் கையில் வெளியிலிருந்து ஒரு கம்பு கொடுக்கப்பட்டது. கம்பு கொடுத்தவனைக் கேளாமல், அடித்துக்கொண்டவர்களுக்கு மட்டும் நாம் ஒழுக்கப் பாடம் எடுக்கிறோம்.

ஒற்றுமையில்லாத சனமாம். அவர்களுடைய கொடியின் நடுவிலேயே ‘ஒற்றுமையே வலிமை’ என்று எழுதியிருக்கிறது, ஐயா. பிரெஞ்சுத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்கள் நெப்போலியன் அனுப்பிய படையைத் தோற்கடித்து 1804 ஜனவரி 1 அன்று நாடு அமைத்தார்கள். மூன்று வருடம் முடிவதற்குள், 1806 அக்டோபரில், விடுதலையை அறிவித்த தெசலினைச் சொந்தத் தளபதிகளே கொன்றார்கள். நாடு வடக்கு, தெற்கு என்று உடைந்தது. இதை நான் மறைக்கவில்லை. ஆனால் அடுத்த பக்கத்தையும் புரட்டுங்கள். 1820இல் ஜனாதிபதி புவாயே இரண்டு பகுதிகளையும் மீண்டும் ஒன்றாக்கினார். நீங்கள் கேட்கும் அந்த ஒற்றுமை வந்துவிட்டது. 1825இல் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் வந்து நின்று, இழந்த தோட்டங்களுக்கும் அடிமைகளுக்கும் நட்டஈடாக 15 கோடி பிராங்க் கேட்டன. அடிமைகளாக இருந்தவர்கள் தங்களுக்கே விலை கட்ட வேண்டியதாயிற்று. பின்னால் 9 கோடியாகக் குறைத்தார்கள், பெரிய மனது. அதற்காக வாங்கிய கடன்களின் கடைசித் தவணை கட்டி முடிந்தது 1947இல். ஒற்றுமையாக இருந்தபோதும் அடிதான் விழுந்தது.

லவலாஸ் என்ற இயக்கத்துக்கு வருகிறேன். ஹெய்ட்டியர் பேசும் கிரெயோல் மொழியில் லவலாஸ் என்றால் வெள்ளம். துவாலியே குடும்பத்தின் 29 வருட சர்வாதிகாரம் 1986இல் ஓடிப்போன பிறகு சேரிகளிலும் கோவில் முற்றங்களிலும் விவசாயச் சங்கங்களிலும் திரண்ட கூட்டம் அது. 1990 டிசம்பர் ஜனாதிபதித் தேர்தலில் அந்தக் கூட்டத்தின் ஆதரவோடு அரிஸ்டீட் என்ற பாதிரியார் ஏறத்தாழ 67 சதவீத வாக்கோடு வென்றார். வாஷிங்டனுக்குப் பிடித்த வேட்பாளர், முன்னாள் உலக வங்கி அதிகாரி, 14 சதவீதத்தோடு நின்றார். அரிஸ்டீட் பதவியேற்று எட்டு மாதம் முடிவதற்குள் இராணுவம் அவரைக் கவிழ்த்தது. அந்த இராணுவ ஆட்சியில் லவலாஸ் ஆட்களை வேட்டையாடிய ஃபிராப் என்ற கும்பலின் தலைவர் அமெரிக்க உளவுத்துறையிடம் சம்பளம் வாங்கியவர். அவரே பிறகு தொலைக்காட்சியில் சொன்னார்.

1994இல் அதே அமெரிக்காவின் 20,000 படையினர் அரிஸ்டீடைத் திருப்பிக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். சும்மாவா? அரிசி இறக்குமதி வரி 3 சதவீதத்துக்கு இறங்கியது. அர்த்திபோனித் சமவெளியின் நெல் விவசாயி அமெரிக்க மானிய அரிசியோடு போட்டிபோட முடியாமல் நகரத்துச் சேரிக்கு வந்தான். அந்த இறக்குமதி அரிசிக்கு அங்கே ‘மியாமி அரிசி’ என்று பெயர். 2010இல் முன்னாள் ஜனாதிபதி கிளிண்டன் அமெரிக்க செனட் குழு முன்னால் உட்கார்ந்து, அது தவறு, தன் மாநிலமான ஆர்கன்சாவின் விவசாயிகளுக்குத்தான் நன்மையாக இருந்திருக்கும் என்றார். நெல் வயலில் வளர்ந்தவன் நான். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இயக்கம் உடைந்ததும் இதற்குப் பிறகுதான். 1996, 97இல் லவலாஸ் இரண்டாகப் பிரிந்தபோது நடுவில் கிடந்த கேள்விகளில் ஒன்று, மாவு ஆலையையும் சிமெந்து ஆலையையும் தனியாருக்கு விற்பதா என்பது. கடன் கொடுத்தவர்கள் விற்கச் சொன்னார்கள். தலைவர்களின் அகங்காரமும் இருந்தது, இல்லை என்று யார் சொன்னது? அரிஸ்டீட் தனக்கென்று ‘லவலாஸ் குடும்பம்’ என்ற கட்சி தொடங்கினார். பழைய தோழர்கள் பழைய அமைப்பை வைத்துக்கொண்டார்கள். பிரதமர் பதவி விலகி, ஒன்றரை வருடத்துக்கும் மேலாக நாட்டில் முறையான பிரதமரே இல்லை.

இனி என் கதை கொஞ்சம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பதினாறு வருடம் வேலை செய்தேன். என்னோடு இரண்டு ஹெய்ட்டியப் பெண்கள். மூத்தவர் மாலை ஷிப்ட், இளையவர் இரவு ஷிப்ட். மூத்தவர் அரிஸ்டீட் பக்கம். இளையவரின் தம்பி அரிஸ்டீடுக்கு எதிரான மாணவர் ஊர்வலத்தில் அடிபட்டவன். மீண்டும் ஜனாதிபதியாகியிருந்த அரிஸ்டீடை 2004 பெப்ரவரி 29 அன்று அமெரிக்க விமானத்தில் ஏற்றி மத்திய ஆப்பிரிக்காவில் இறக்கினார்களே, அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. ஷிப்ட் மாறும்போது எந்த அறைக் கிழவருக்கு எத்தனை மணிக்கு மாத்திரை, யாருக்கு வயிறு சரியில்லை என்று எல்லாவற்றையும் ஒரு நீலநிறப் புத்தகத்தில் எழுதி மேசையில் வைப்பார்கள். ஒருவர் எழுதியதற்கு மற்றவர் கீழே ஒரு கோடு போடுவார். படித்துவிட்டேன் என்று அர்த்தம். ஆறு வருடம் அப்படி.

2010 ஜனவரி 12, நிலநடுக்கம். மாலை முழுவதும் மூத்தவர் உடை மாற்றும் அறையில் நின்று போனை அழுத்திக்கொண்டே இருந்தார், லைன் கிடைக்கவில்லை. அவருடைய வேலையையும் சேர்த்து நான் பார்த்தேன். இரவு பதினொரு மணிக்கு இளையவர் வந்து புத்தகத்தைத் திறந்தபோது உள்ளே வெளிநாட்டுக்குப் பேசும் சுரண்டாத தொலைபேசி அட்டை ஒன்று இருந்தது, ஐந்து டாலர் அட்டை. அவர் அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல் கோடு போட்டார். பேச்சு அதற்குப் பிறகும் இல்லை. அவர்களைப் பார்த்தா ‘ஒற்றுமையில்லாத சனம்’ என்கிறீர்கள்?

சரி, இப்போது வரப்போகும் கேள்விகளை நானே கேட்டுவிடுகிறேன்.

‘அரிஸ்டீட் என்ன புனிதரா?’ இல்லை. அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு தெருவில் ஆயுதத்தோடு திரிந்தவர்கள் இருந்தார்கள். வானொலிக்காரர் ஜான் தொமினிக் 2000 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏழைகளுக்காக வாழ்நாள் முழுவதும் கிரெயோலில் பேசியவர். அவருடைய கொலை வழக்கை விசாரித்த நீதிபதி, அரிஸ்டீட் ஆட்சியில், நாட்டை விட்டே ஓட வேண்டியதாயிற்று. இதற்கு என்னிடம் சமாதானம் கிடையாது. ஆனால் 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் சில செனட் இடங்களின் வாக்குச் சதவீதத்தைக் கணக்கிட்டது தவறு என்பதற்காக, குடிநீர்த் திட்டத்துக்கான கடனைக்கூட அமெரிக்கா நிறுத்த வைத்தது எந்த ஊர் நியாயம்? வெறும் கையோடு நின்ற அரசைக் கையாலாகாத அரசு என்று பிறகு சொன்னார்கள். அதே நேரம் எதிர்க்கட்சிகளுக்கு வாஷிங்டன் நிறுவனம் ஒன்று பயிற்சி நடத்தியது. கம்பு, ஐயா, கம்பு.

‘எல்லாவற்றுக்கும் அமெரிக்காவா?’ இல்லவே இல்லை, நம் கனடாவும் உண்டு. 2003 ஜனவரி இறுதியில், இங்கிருந்து காரில் சில மணி நேரத்தில் போகக்கூடிய மீச் ஏரிக்கரையில், ஹெய்ட்டியின் எதிர்காலம் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. ஹெய்ட்டி அரசிலிருந்து ஒருவரைக்கூட அழைக்கவில்லை. 2021 ஜூலையில் ஜனாதிபதி மொயிஸ் கொல்லப்பட்டபோது அடுத்து யார் ஆள்வது என்று இருவர் இழுபறிப்பட்டார்கள். ‘கோர் குரூப்’ என்ற தூதர்கள் குழு அறிக்கை ஒன்று விட்டது. மூன்று நாளில் அந்த இருவரில் ஒருவரான அரியேல் ஆன்றி பிரதமர். அந்தக் குழுவிலும் கனடா இருக்கிறது, நாம் வரி கட்டும் கனடா. அதே வருடம் ஆகஸ்டில் விவசாயச் சங்கங்களும் தேவாலயங்களும் கட்சிகளும் இடைக்கால அரசு அமைக்க மொந்தானா உடன்பாடு என்று ஒன்றை எழுதிக் கொண்டுவந்தபோது, ‘இன்னும் பரந்த கருத்தொற்றுமை வேண்டும்’ என்றார்கள் வெளிநாட்டார். ஆன்றிக்கு எந்தக் கருத்தொற்றுமை இருந்தது? 2024இல் ஆன்றிக்குப் பிறகு வந்த இடைக்கால ஆட்சிக் குழுவில் நாற்காலி வேண்டுமானால் வெளிநாட்டுப் படை வருவதை ஏற்க வேண்டும் என்று நிபந்தனை. நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் மூவர் மீது சில மாதங்களிலேயே இலஞ்சக் குற்றச்சாட்டு. அதைக் காட்டிச் சிரித்தவர்கள்தான் அந்த நாற்காலியைச் செய்தவர்கள்.

‘வெனிசுவேலா மலிவுக் கடனில் கொடுத்த எண்ணெயால் வந்த பணத்தைத் தின்றது யார்?’ அவர்களுடைய ஆட்கள்தான். 2018இல் அந்தப் பணம் எங்கே என்று தெருவில் இறங்கிக் கேட்டதும் அவர்கள்தான்.

‘உங்களுக்கு ஏன் ஹெய்ட்டி?’ இதைக் கேட்டவருக்கு மட்டும் கொஞ்சம் கோபமாகப் பதில் சொல்கிறேன். 2007இல் ஐ.நா. அமைதிப்படையிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைப் படையினரைப் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டில் திருப்பி அனுப்பினார்களே, எந்த நாட்டிலிருந்து? சுரண்டப்பட்டவர்களில் சிறுமிகளும் சிறுவர்களும் இருந்தார்கள். அந்தப் படையினரில் ஒருவரும் சிறைக்குப் போனதாகச் செய்தி வரவில்லை. எனக்கு ஏன் ஹெய்ட்டி என்று இனி கேட்காதீர்கள்.

இப்போது முதல் தோழருக்கு. வெளிப்பணம் பற்றிக் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ‘பதாய் ஊவ்ரியே’ என்ற தொழிலாளர் அமைப்பு, பெரும்பாலும் அமெரிக்க அரசு நிதியில் இயங்கும் ஒரு தொழிற்சங்க மையத்திடம் பணம் பெற்றது வெளியே வந்தபோது பெரிய சண்டை நடந்தது. நடக்க வேண்டிய சண்டைதான். ஆனால் அதே அமைப்பு எல்லையோர ஆடைத் தொழிற்சாலையில் தொழிலாளர் சங்கம் அமைக்கப் பாடுபட்டதும் உண்மை. 1973இல் பாப்பாய் என்ற ஹெய்ட்டிய ஊரில் விவசாயிகள் இயக்கம் தொடங்கிய ஷவான், அரிஸ்டீடின் பக்கத்தில் நின்றவர், பிறகு அவருக்குக் கடும் எதிரியானார். அரிஸ்டீடின் ஆட்கள் அவரைக் கைக்கூலி என்றார்கள். அவர் இவர்களைக் கொலைகாரர் என்றார். இரண்டு சொல்லும் இலவசம். யார் வேண்டுமானாலும் யார் மேலும் ஒட்டலாம். ஒட்டியவனிடம் யாரும் ரசீது கேட்பதில்லை.

கைக்கூலி என்ற அந்தச் சொல் எனக்குத் தெரியும். 1986இல் எங்கள் ஊர்ச் சந்தியில் ஒரு பையனின் கழுத்தில் அட்டையில் எழுதிக் கட்டியிருந்தார்கள். எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

கூட்டம் முடிந்து அந்தப் பெண்மணியை மெட்ரோ வரை கொண்டுபோய் விட்டேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை அசைத்து, எங்கள் கூட்டங்களில் இதைவிட மோசமாகக் கேட்பார்கள் என்றார். பிறகு, “உங்களுடையவர்களில் எத்தனை பிரிவு?” என்று கேட்டார். விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன். இரண்டாவது கைக்குப் போனபோது ரயில் வந்துவிட்டது.

ஏற்பாட்டுக் குழு அவருக்கு ஒரு கடிதம் எழுதுவதாகச் சொன்னது. இன்று புதன்கிழமை. கடிதத்தில் யார் கையெழுத்துப் போடுவது என்பதில் கருத்து வேறுபாடாம்.