22 நிமிசம் நிண்டுபோட்டு 11 நிமிசத்துக்குப் பறக்கிறாங்கள்

வவுனியாவிலை கிளிநொச்சிப் பஸ் 22 நிமிசம் நிக்குது. எஞ்சின் உறுமுது. கொண்டக்டர் "இந்தா எடுக்கிறம்" எண்டுறார். சில்லு அரை அடி முன்னுக்கு உருளும், பிறகு அரை அடி பின்னுக்கு வரும். ஏறின சனம் இறங்கிப் போகாமல் இருக்க இந்தக் கூத்து. நடைபாதையும் நிரம்பி, ஆற்றையோ அரிசி மூட்டையிலை இன்னொருத்தர் குந்தின பிறகுதான் வெளிக்கிட்டது.

ஓமந்தை தாண்டினதும் பேய் பிடிச்சிட்டுது. ஏன் பறக்கிறாய் எண்டா, "உங்கடை நேரத்தை மிச்சம் பிடிக்கிறம்" எண்டு பதில்!

கணக்கைப் பாப்பம். வவுனியாவிலையிருந்து கிளிநொச்சி ஏறக்குறைய 75 கிலோமீற்றர். மணிக்கு 60 கிலோமீற்றரிலை ஓடினா 75 நிமிசம், 70இலை 64. வழியிலை ஒரு இடமும் நிக்காட்டித்தான் அந்த 11 நிமிசமும் மிஞ்சும். வேகம் ஏற ஏற லாபம் சுருங்கும்: 10 கிலோமீற்றருக்கு 40இலையிருந்து 60க்கு ஏத்தினா 5 நிமிசம் மிச்சம், 60இலையிருந்து 80க்கு ஏத்தினா இரண்டரை. ஆனா பிறேக் பிடிச்சு நிக்கிற தூரம் ஒண்டே முக்கால் மடங்குக்கு மேலை ஆகிவிடும். கனகராயன்குளத்திலை றோட்டிலை படுக்கிற மாட்டுக்கு இந்தக் கணக்கு விளங்குமோ?

போக்குவரத்துப் பொருளியல்காரரும் லேசுப்பட்டவை இல்லை. 60 பேருக்கு ஆளுக்கு ஒரு நிமிசம் மிஞ்சினா ஒரு மணித்தியாலம் லாபமெண்டு எழுதுவினம். அந்த ஒத்தை நிமிசத்திலை என்னத்தை வெட்டிப் புடுங்கிறது எண்டு அவைக்குள்ளையே சண்டை. மாங்குளத்திலை மாறி ஏறவேண்டிய முல்லைத்தீவு பஸ் கண்ணுக்கு முன்னாலை வெளிக்கிட்டா மட்டும் அந்த ஒரு நிமிசம் ஒரு மணித்தியாலம். மற்றபடி காத்துக்குப் போனதுதான்.

சரி, அதே பெருக்கலை வவுனியாவிலை போடுங்கோ: 40 பேர், 22 நிமிசம். 14 மணித்தியாலம் 40 நிமிசம் நட்டம்! அதுவும் காத்து நிக்கிற நிமிசத்துக்கு, ஓடுற பஸ்சிலை இருக்கிற நிமிசத்தைப் போலை ஏறக்குறைய இரண்டு மடங்கு பாரம் குடுக்கிறது அவையின்ரை வழக்கம். முறிகண்டியிலை பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்கிற பத்து நிமிசம் ஆருக்கும் உறுத்திறேல்லை, அதையும் சொல்லத்தான் வேணும்.

கிளிநொச்சியிலை இறங்கேக்கை "கெதியாக் கொண்டந்திட்டம்" எண்டு ஒரு பல்லிளிப்பு. சிரிப்புத்தான் வருது. சரி ராசா, 11 நிமிசம் தந்தாய். ரிக்கெற்றுக்குப் பின்னாலை எழுதித் தந்த மிச்சம் 20 ரூபா எங்கை?