ஒரு அடிக்கோடுதான் சாவு செய்தியாம்

ஞாயிற்றுக்கிழமை காலை. தேக்கா மார்க்கெட்டில் ஆட்டுக்கறி வெட்டக் கொடுத்துவிட்டு நிற்கிறேன். டியூட்டியில் இருக்கிற தம்பி போன் பண்ணுகிறான். "அண்ணே, டிஸ்க் ஃபெயில்னு மெயில் வந்திருக்கு. ஆனா உள்ள பாத்தா ஆக்டிவ்னுதான் போட்டிருக்கு. விட்றவா?"

லினக்ஸ் சர்வரில் நான்கு டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய ரெய்டு 5 அமைப்பு. ஒன்று செத்தால் தாங்கும், இன்னொன்றும் போனால் மொத்தமும் காலி. எம்டிஸ்டாட், அதாவது ரெய்டின் நிலைமையைக் காட்டும் ஃபைல், அதை அப்படியே வாசிடா என்றேன். முதல் வரியில் ஜம்மென்று 'ஆக்டிவ்'. சாவு செய்தி அடுத்த வரியின் கடைசியில் இருக்கிறது: யூ, யூ, ஒரு அடிக்கோடு, யூ. யூ என்றால் டிஸ்க் நன்றாக இருக்கிறது, அடிக்கோடு என்றால் அந்த இடத்து டிஸ்க் போச்சு. அவ்வளவுதான்! டிஸ்க் பெயரை ஒட்டி அடைப்புக்குறிக்குள் ஒற்றை எஃப். 'ஃபெயில்ட்' என்று முழுசாக எழுதினால் ஸ்கிரீன் தேய்ந்துவிடுமா?

ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஆட்ம் கமாண்டில் விவரம் கேட்டால் இன்னும் அழகு. 'கிளீன், டிகிரேடட்'. டிகிரேடட் என்றால் டிஸ்க் குறைந்து ஓடுகிறது என்று அர்த்தம். எழுத வேண்டிய டேட்டா பாக்கி இல்லை என்பதற்குத்தான் அங்கே கிளீன் என்று பெயர். புதிதாக வந்த பையனுக்கு அது எப்படித் தெரியும்? கிளீன் என்றதும் அவன் பாதி நிம்மதியாகிவிட்டான்.

அப்புறம் நம்பர் கூத்து. போன வருஷம் ஒரு டிஸ்க்கை மாற்றினோம், புதுசுக்கு 4 என்று நம்பர் விழுந்தது. இருப்பதோ 0 முதல் 3 வரை நான்கு இடம். அந்த 4 உட்கார்ந்திருப்பது மூன்றாம் நம்பர் இடத்தில். பெயர்கள் வரும் வரிசையும் யூக்களின் வரிசையும் ஒன்றில்லை. தம்பி இடமிருந்து எண்ணி, "அப்ப மூணாவது டிஸ்க்கை உருவிடறேண்ணே" என்கிறான். "கையை எடுடா!" என்று நான் போட்ட சத்தத்தில் கறிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

எதை உருவ வேண்டும், அதன் சீரியல் நம்பர் என்ன? எனக்கு வேண்டியது அது ஒன்றுதான், அதைத்தான் எம்டிஆட்ம் சொல்ல மாட்டேன் என்கிறது. லினக்ஸ் அந்த டிஸ்க்குக்கு வைத்த எஸ்டிசி என்ற பெயரை நம்பலாம் என்றால், ரீபூட் ஆனால் அதுவும் மாறலாம். இதே வேலையைச் செய்யும் இன்னொரு சிஸ்டமான இசட்எஃப்எஸ்ஸைப் பாருங்கள்: மேலேயே 'டிகிரேடட்', கீழே என்ன ஆச்சு, என்ன செய்ய வேண்டும் என்று முழு வாக்கியத்தில் சொல்கிறது. அதுவும் கமாண்ட் லைன்தானே!

கறியைத் தூக்கிக்கொண்டு டாக்ஸி பிடித்துப் போய், சீரியலைத் தேடி நானே மாற்றினேன். உடனே ரெகவரி, அதாவது புது டிஸ்க்கில் டேட்டாவை மறுபடி நிரப்பும் வேலை, ஓடியது. முடிய 590 நிமிடமாம். அதை மணியாக்கவும் நான்தான் வகுக்கணும். ஆட்டுக்கறி ஆபீஸ் ஃபிரிட்ஜில் இருக்கிறது.